பழைய ஃபிலிம் கேமராவும் ஒளிக்கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேமரா கைக்கு வந்ததும் ஷட்டர் அடிக்கிறதா, லென்ஸ் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். இரண்டும் சரி என்று நம்பி ரோல் போட்டு, 36 படமும் எடுத்துக் கழுவி வாங்கினால், ஓரமெல்லாம் ஆரஞ்சுத் தீற்றல். பெரும்பாலும் கேமராவுக்குள் எங்கிருந்தோ ஒளி கசிந்ததன் தடம் அது. என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்தத் தீற்றலில்தான் தொடங்குகின்றன. அவற்றையும், அவற்றோடு ஒட்டி வரும் சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

படத்தில் கறை விழுந்திருக்கிறது. கேமராவில்தான் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு நெகட்டிவைக் கையில் எடுங்கள். ஸ்கேன் மட்டும் வாங்கிக்கொண்டு நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்கேனில் படம் மட்டும்தான் இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயமோ படத்துக்கு வெளியே, ஃபிலிமின் ஓரத்தில், துளைகளுக்கு நடுவில் இருக்கும்.

கேமராவைக் குறை சொல்வதற்கு முன் சில விஷயங்களைக் கழித்துவிட வேண்டும். ரோலின் முதல் ஓரிரு படங்களில் மட்டும் கறை என்றால், நல்ல வெயிலில் ரோலைப் போட்டிருப்பீர்கள். பாலியெஸ்டர் அடித்தளம் கொண்ட சில ஃபிலிம்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு வழியாகவே ஒளி கேசட்டுக்குள் ஊர்ந்து போகும். அவற்றை நிழலில்தான் போட வேண்டும். ஃபிலிம் முழுக்க, ஓரம் உட்பட, ஒரே சீராகச் சாம்பல் பூத்திருந்தால் அது காலாவதியான ஃபிலிமாக இருக்கலாம். 120 ரோலில் (பின்னால் தாளோடு சேர்த்துச் சுற்றி வரும் அகல ஃபிலிம்) இரண்டு ஓரமும் நெடுக கறுத்திருந்தால், ரோல் தளர்வாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேமராவுக்குள் ரோலை அழுத்திப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று பலரை ஏமாற்றும். படத்தின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் நேர்கோடாக ஒரு வெளிச்சப் பட்டை, அதுவும் 1/500, 1/1000 போன்ற வேகங்களில் மட்டும் வந்தால் அது கசிவே இல்லை. ஷட்டர் திரை ஓடி முடிந்த இடத்தில் மோதி ஒரு கணம் திரும்பித் துள்ளுகிறது. அதற்கு, கதவிடுக்கில் ஒளியை அடைக்கும் ஃபோமை மாற்றிப் பயனில்லை, ஷட்டரைச் சரிசெய்ய வேண்டும்.

எங்கிருந்து கசிகிறது என்று நெகட்டிவை வைத்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், கறை எதுவரை போகிறது என்று பாருங்கள். படத்தின் சட்டத்தைத் தாண்டி, துளைகள் இருக்கும் ஓரம் வரை பரவியிருந்தால் ஒளி பின்கதவு வழியாகவோ உடம்பின் மூட்டுகள் வழியாகவோ வந்திருக்கிறது. சில சமயம் அந்தத் துளைகளின் வடிவமே பக்கத்துச் சுற்றில் நிழலாக விழுந்திருக்கும். கறை படச்சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால், ஒளி முன்பக்கமிருந்து வந்திருக்கிறது: ஷட்டர் திரை, பெல்லோஸ் (மடக்கும் கேமராவின் துருத்தி போன்ற பகுதி), லென்ஸ் பொருந்தும் வளையம், மிரர் பெட்டி என்று தேட வேண்டும்.

வண்ண நெகட்டிவில் நிறமும் பேசும். சிவப்பு ஒளியை வாங்கும் அடுக்கு ஃபிலிமில் எல்லாவற்றுக்கும் கீழே, அடித்தளத்தை ஒட்டி இருக்கிறது. பின்பக்கமிருந்து வரும் ஒளி முதலில் அதைத்தான் தொடும், அதனால் படத்தில் கறை சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ விழும். முன்பக்கமிருந்து வந்த ஒளி அநேகமாக வெள்ளையாகத் தெரியும்.

அப்புறம், நான் எப்போதும் செய்யும் ஒரு காரியம். கேமராவின் பின்கதவைத் திறந்து, கழுவிய நெகட்டிவை அது எடுக்கப்பட்டபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே திரும்ப வைத்துப் பாருங்கள். மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும், பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கட்டும், படம் தலைகீழாக இருக்கட்டும். இப்போது கறை எந்த விளிம்பைத் தொடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் ஓட்டை. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச் செய்வதால், பிரிண்டில் கீழே தெரியும் கறை உண்மையில் கேமராவின் மேல் விளிம்பில் நுழைந்தது. மனக்கணக்குப் போட்டால் குழம்பும், வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

கடைசியாக, கறையின் அடர்த்தி. ஒரு ரோலில் 11-வது படத்தில் மட்டும் கறை தடித்திருந்தது. யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தை எடுத்து, லீவரை இழுத்து வைத்துவிட்டு, கேமராவை இரண்டு நாள் ஜன்னலோரம் விட்டிருக்கிறேன். அப்படியென்றால் அந்த இரண்டு நாளும் 11-வது படம் சட்டத்தைத் தாண்டி, ஃபிலிம் சுருளும் ஸ்பூல் பக்கம் இருந்திருக்கிறது. பெரும்பாலான 35 மி.மீ. கேமராக்களில் கதவின் கீல் அங்கேதான் இருக்கும். கீல் பக்க ஃபோமைத் தொட்டுப் பார்த்தேன், பொடியாக உதிர்ந்தது.

ஃபோம் ஏன் இப்படிப் பிசினாகி உதிர்கிறது? உபயோகிக்காமல் வைத்திருந்தாலுமா?

ஆமாம், உபயோகிக்காமல் இருந்தாலும்தான். 1960-களிலிருந்து வந்த ஜப்பானியக் கேமராக்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம் வைத்தார்கள். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல உடைத்துக்கொண்டே வரும். வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் வேகம். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தார் போலாகும், கடைசியில் காய்ந்து கருப்புப் பொடியாகும். கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எலக்ட்ரோ 35, கேனோனெட் எதை எடுத்தாலும், இதுவரை யாரும் ஃபோம் மாற்றியிருக்காவிட்டால் அது செத்துப்போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழைய கேமராவிலும் ஃபோம் உண்டா?

இல்லை. அதற்கும் முந்தைய பல கேமராக்களில் கம்பளி நூலும் வெல்வெட்டும்தான். அவை இன்றும் வேலை செய்கின்றன. லைக்கா எம் வரிசையில் கதவும் உடம்பும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பொருந்தும் விதமே ஒளியைத் தடுத்துவிடுகிறது. ஃபிலிம் கேசட்டின் வாயில் இருப்பதும் வெல்வெட்தான். உங்கள் கேமராவில் நூல் இருந்தால், அது நன்றாக இருக்கும்வரை தொடாதீர்கள்.

பழைய ஃபோமை எப்படி எடுப்பது?

பொறுமையாக. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மூங்கில் பல்குத்தும் குச்சிகள் ஒரு கட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சிகள், பழைய பனியன் துணி, இவ்வளவு போதும். குச்சியின் நுனியைப் பிளேடால் உளி மாதிரி சீவிக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் காடியின் (ஃபோம் ஒட்டியிருக்கும் பள்ளத்தின்) கறுப்புப் பெயின்ட் போய்விடும், அங்கே பளபளக்கும் உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும். அசிடோன் வேண்டவே வேண்டாம். பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் அது கரைத்துவிடும்.

தொடங்குவதற்கு முன் ஷட்டர் மேல் ஒரு காகிதத் துண்டை வெட்டி வைத்து, ஓரங்களைப் பசை குறைந்த டேப்பால் ஒட்டிவிடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். பிசினில் ஒரு கடுகளவு ஷட்டர் தகடுகளுக்கு இடையில் போனால் ஷட்டரே நின்றுவிடும். திறந்த பக்கம் கீழே பார்க்கும்படி கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் உதிர்வது வெளியே விழும்.

குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, உதறிவிட்டு, காடிக்குள் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுங்கள். காடியில் நேராக ஊற்றக் கூடாது. முதல் தள்ளலில் கறுப்பு மெழுகு போலச் சுருண்டு வரும். துணியில் துடைத்துவிட்டு அடுத்தது. நான்கைந்து முறை போனதும் அடியில் பழைய பசையின் பழுப்புக் கோடு தெரியும். அதன்மேல் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டு இரண்டு நிமிடம் ஊறவிட்டால் இளகிவிடும். அதுவும் போன பிறகு, பஞ்சுக்குச்சி கறுப்பில்லாமல் வெளியே வரும்வரை துடைக்க வேண்டும். அடியில் பசை மிச்சமிருந்தால் புது ஃபோம் சில மாதங்களில் தூக்கிக்கொள்ளும்.

அந்தக் கறுப்பு விரலில் ஒட்டினால் சோப்புக்கு லேசில் போகாது, அதே விரலால் லென்ஸைத் தொட்டுவிடுவோம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் உட்காருங்கள்.

புதிதாக என்ன ஒட்டுவது? எவ்வளவு தடிமன்?

கதவு படியும் நீளமான காடிகளுக்கு 1.5 முதல் 2 மி.மீ. மென்மையான ஃபோம் பெரும்பாலும் சரியாக வரும். கீல் பக்கத்துக்கு அதைவிடக் கொஞ்சம் தடியாக வேண்டும். காடி மிகக் குறுகலாக இருந்தால் கறுப்புக் கம்பளி நூல் ஃபோமைவிட நல்லது என்பது என் கருத்து. அது பிசினாகாது, வேண்டாமென்றால் இழுத்து எடுத்துவிடலாம். சில இடங்களில் துளித்துளியாகப் பசை வைத்து நூலைப் பதித்தால் போதும். கைவேலைக்கு விற்கும் கெட்டியான ஈவிஏ தாளைத் தவிர்த்துவிடுங்கள், அது அமுங்காது.

அளவு சரியா என்று கதவே சொல்லும். மூடும்போது லேசான எதிர்ப்பு இருந்து, கொக்கி இயல்பாக விழுந்தால் சரி. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் பூட்ட வேண்டியிருக்கிறது என்றால் தடிமன் அதிகம். நாளடைவில் கொக்கி வளையும், ஒருநாள் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

ஒட்டும்போது ஒரு சின்ன உபாயம். பசையுள்ள ஃபோம் காடியின் சுவரைத் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், பிறகு நகர்த்த முடியாது. பசைப் பக்கத்தை நாக்கால் நக்கியோ, தண்ணீர் தொட்டோ ஈரமாக்கிவிட்டு வையுங்கள். வழுக்கிக்கொண்டு போய் இடத்தில் உட்காரும். குச்சியால் நேராக்கி அழுத்திவிட்டு ஒரு இரவு விட்டால் ஈரம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கதவில் கேசட்டைப் பார்க்கச் சின்ன ஜன்னல் இருக்கும் கேமராவா? அந்த ஜன்னலைச் சுற்றியும் ஃபோம் உண்டு. எல்லாக் காடியையும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

எஸ்.எல்.ஆரில் மிரருக்கு மேலே இருக்கும் ஃபோமையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். எஸ்.எல்.ஆர். என்பது லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மிரர் வழியாகப் பார்க்கும் கேமரா. படம் எடுக்கும்போது மிரர் மேலே எழும்பி மோதும் அதிர்ச்சியை அந்த ஃபோம் தாங்குகிறது. வியூஃபைண்டர் வழியாக இறங்கும் ஒளியையும் அந்த நேரத்தில் அடைக்கிறது. பிசினான பிறகு மிரர் அதில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்பதுண்டு.

இங்கே கை நடுங்கக் கூடாது. பக்கத்திலேயே பிம்பம் விழும் ஃபோகஸிங் ஸ்கிரீன் இருக்கிறது. அது பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் மங்கும், குச்சி பட்டால் கீறும். மிரரின் வெள்ளிப் பூச்சு கண்ணாடியின் மேல்பக்கத்திலேயே இருப்பதால் துடைத்தாலே கோடு விழும். இரண்டையும் காகிதத்தால் மூடிவிட்டு, கூடியவரை உலர்ந்த இடுக்கியால் ஃபோமைப் பிய்த்து எடுங்கள்.

ஒலிம்பஸ் ஓஎம்-1 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் ப்ரிஸத்தை (பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) ஒட்டியும் ஃபோம் வைத்திருக்கிறார்கள். அது அழுகும்போது ப்ரிஸத்தின் வெள்ளிப் பூச்சையும் தின்றுவிடும். வியூஃபைண்டரில் கறுப்புத் திட்டு தெரிய ஆரம்பித்துவிட்டால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே மேல்மூடியைக் கழற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அந்த ஃபோமை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. இது என்ன?

துணி ஷட்டரில் ஊசித்துளை. ரப்பர் பூசிய துணியில் வரும் நோய் இது. லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் அதிகம், ஏனென்றால் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் மிரர் கிடையாது. மூடி போடாத லென்ஸ் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போலத் திரை பொசுங்கும். வெளியில் அலையும்போது, கேமரா கழுத்தில் தொங்கும் நேரம் முழுக்க லென்ஸ் மூடியைப் போட்டு வைக்கும் பழக்கம் இதற்காகத்தான்.

இருட்டறையில் லென்ஸைக் கழற்றிவிட்டு, முன்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஷட்டரை ஏற்றி ஒருமுறை, ஏற்றாமல் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏற்றியிருக்கும்போது முதல் திரையும், அடித்த பிறகு இரண்டாம் திரையும் ஃபிலிமை மறைக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்தால் மற்றதில் துளை இருக்கலாம்.

ஒன்றிரண்டு துளை என்றால் நெகிழும் தன்மையுள்ள கறுப்பு ரப்பர் திரவத்தை ஊசி முனையால் தொட்டு வைக்கலாம். படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடித்தால் திரை உருளையில் சுற்றும்போது வேகம் மாறும். நன்றாக உலர்ந்த பிறகே ஷட்டரை அடிக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திர வானம் மாதிரி தெரியும் திரைக்கு இந்த வைத்தியம் போதாது, துணியையே மாற்ற வேண்டும்.

மடக்கும் கேமராவின் பெல்லோஸில்?

மடிப்பின் மூலைகளைப் பாருங்கள், ஓட்டை அங்கேதான் விழும். பெல்லோஸை முழுக்க விரித்து, இருட்டில் உள்ளே சின்ன எல்.இ.டி. டார்ச்சை வைத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். அக்ஃபா இஸோலெட் வகைக் கேமராக்களின் பெல்லோஸ் இதற்குப் பேர்போனது. தோலால் செய்தவை இன்னும் நன்றாக உழைக்கின்றன. ஒட்டுப் போட்ட மூலை மடியும்போது மறுபடி விரிசல் விடும் என்பதால், அது தற்காலிகம்தான்.

ரோல் ஃபிலிம் கேமராவின் கதவில் படத்தின் எண் பார்க்க இருக்கும் சிவப்பு ஜன்னல் ஒளியை உள்ளே விடாதா?

விடும். அந்த ஜன்னல் வந்த காலத்தில் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது, அதனால் ஆபத்தில்லாமல் இருந்தது. இன்றைய பான்க்ரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பையும் பார்க்கும். ஃபிலிமோடு சுற்றியிருக்கும் பின்தாள் ஓரளவு காப்பாற்றும், ஆனாலும் அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, எண் பார்க்கும்போது மட்டும் நிழலில் தூக்கிப் பாருங்கள்.

ரோலை வீணாக்காமல் சோதிக்க வழி உண்டா?

டார்ச் சோதனை பெல்லோஸுக்கும் ஷட்டர் துணிக்கும் நன்றாக வேலை செய்யும். கதவுக் காடிகளுக்கு அதை நம்ப வேண்டாம். அங்கே ஒளி வளைந்து வளைந்து நுழைவதால் கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

இருட்டறை வசதி உள்ளவர்களுக்கு என் முதல் தேர்வு கறுப்பு வெள்ளை பிரிண்ட் காகிதம். சிவப்பு விளக்கில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்று லென்ஸைப் பார்க்க, மற்றது கதவைப் பார்க்க உள்ளே வைத்து மூடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவை வெயிலில் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் காட்டுங்கள். பிறகு காகிதத்தைக் கழுவினால், ஒளி நுழைந்த இடம் கறுப்பாக வந்து நிற்கும்.

அந்த வசதி இல்லையென்றால் ஒரு ரோலை இரண்டாகப் பிரிக்கலாம். கதவின் மூட்டுகள் முழுக்கக் கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டிப் பாதி ரோல், டேப்பை எடுத்துவிட்டு மீதி. டேப் இருந்தபோதும் கறை வந்தால் கதவு குற்றவாளி இல்லை. பழுதுபார்த்தவர் யாரோ தோலுறைக்கு அடியில் ஒரு ஸ்க்ரூவைப் போடாமல் விட்டு, அந்தத் துளை வழியாகக் கசிந்ததை நான் இப்படித்தான் பிடித்தேன்.

டேப்பையே நிரந்தரமாக ஒட்டிவிட்டால்?

ஒரு பயணத்துக்குச் சமாளிக்கலாம். பசை உருகித் தோலுறையை உரித்துவிடும் என்பதால், திரும்பியதும் எடுத்துவிடுங்கள்.

ஷட்டர் மெதுவாக நகர்கிறது. கொஞ்சம் எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். லென்ஸுக்குள் இருக்கும் இலை ஷட்டரின் தகடுகள் உலர்ந்தே ஓட வேண்டும். எண்ணெய் பட்டதால்தான் அவை பெரும்பாலும் ஒட்டிக்கொள்கின்றன. நாஃப்தா என்ற கரைப்பானைத் தொட்டு எண்ணெயை எடுப்பதே மருந்து, அதுவும் தகடுகளை ஒட்டியுள்ள லென்ஸ் பகுதியைக் கழற்றிய பிறகு. தகடுகளின் மேல் அழுத்தக் காற்று அடிக்கவும் கூடாது. பழைய செல்ஃப் டைமரை ஏற்றிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அது பாதியில் நின்றால் ஷட்டரையும் சேர்த்து நிறுத்திவிடும், தொடாமலிருப்பது நல்லது. சோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும்.

மெர்க்குரி பேட்டரி இப்போது கிடைப்பதில்லையே?

பிஎக்ஸ்625 மெர்க்குரி பேட்டரி 1.35 வோல்ட். அதன் இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் பல கேமராக்களின் ஒளி அளக்கும் மீட்டர் தவறாகக் காட்டும், பேட்டரி தீரத்தீரத் தவறும் மாறிக்கொண்டே வரும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாகக் காற்று பேட்டரி பழைய அளவுக்கு நெருக்கமாக வரும், வளையம் வைத்துப் பொருத்தலாம். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் மின்சுற்று வோல்ட் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்குப் பேட்டரியே வேண்டாம், லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் செல் போதும்.

நானே எதுவரை திறக்கலாம்?

ஃபோம், நூல், வெளித்துடைப்பு, பேட்டரிப் பெட்டியின் துரு, இவை வரை யாரும் செய்யலாம். அதற்கு மேல் போவதென்றால் முதலில் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். ஜப்பானியக் கேமரா ஸ்க்ரூவின் கூட்டல் குறியும் சாதாரண ஃபிலிப்ஸ் முனையும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பொருந்தாது. ஃபிலிப்ஸ் வழுக்கி ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று படமெடுத்து வையுங்கள்.

உள்ளேயே ஃப்ளாஷ் இருக்கும் சின்ன கேமராக்களை மட்டும் திறக்கவே வேண்டாம். ஃப்ளாஷுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அவற்றின் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும் நிற்கும். உயிருக்கே ஆபத்து.

எல்லாம் மாற்றிவிட்டேன். முதல் ரோலை எப்படி எடுப்பது?

நல்ல வெயில் நாளில், முடிந்தால் 400 வேக ஃபிலிமில். நிழலில் ரோலைப் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமராவை வெயிலில் வெவ்வேறு பக்கமாகத் திருப்பி ஒரு நிமிடம் வையுங்கள்: ஒரு படத்துக்குக் கீல் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும், அடுத்ததற்கு மேல்பக்கம், அடுத்ததற்குக் கதவு. எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு படத்தை லென்ஸ் மூடி போட்டபடியே எடுங்கள், அது நெகட்டிவில் எதுவும் பதியாமல் வெறுமையாக வர வேண்டும். கழுவக் கொடுக்கும்போது, ஃபிலிமைத் துண்டாக்காமல் முழு நீளமாகச் சுருட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடித்து, குறித்து வைத்த தாளோடு ஓரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.